மூன்றாம் முத்திரை

அத்தியாயம் பதினான்கு

வரைபடம் காணாமல் போனதாகச் சென்ற வாரம் எழுதினேன். அன்றிலிருந்து வரும் கடிதங்களில் முக்கால்வாசி மாப்பிள்ளையைத் திட்டித்தான் வருகின்றன. 'அந்த ஊமைக்கோட்டானை நம்பவே கூடாது' என்று ஒரு வாசகி சிவப்பு மையில் அடிக்கோடு போட்டு எழுதியிருக்கிறார். அவசரப்படாதீர்கள் அம்மா. சந்தேகப்பட இந்த வீட்டில் இன்னும் ஆட்கள் இருக்கிறார்கள்.

இந்த வாரம்தான் புதிதாகப் படிக்க உட்கார்ந்தவர்களுக்கு நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். மகள் பல்கலைக்கழக ஆவணக் காப்பகத்தில் காப்பாளர். பழைய மாணவர் மலர்கள், விடுதி நாடக நோட்டீஸ்கள், பட்டமளிப்பு விழாப் படங்கள், இவற்றோடு மூடிப்போன மில்லின் தொழிற்சங்கப் பெட்டிகளும் அவள் பொறுப்பு. அவளுடைய கணவர், அதாவது நாம் சந்தேகப்படும் மாப்பிள்ளை, நகரமைப்பு அலுவலகத்தில் படம் வரைகிறார். அவளுடைய அப்பா அந்த மில் சங்கத்தின் செயலாளராக இருந்தவர். சங்கம் கலைந்த பிறகும் அவர் செயலாளர்தான். கோபம் வந்தால் அம்மாவே 'செயலாளரே' என்றுதான் அழைப்பாள்.

அப்பாவும் அம்மாவும் இன்னும் மில் குடியிருப்பில்தான் இருக்கிறார்கள். அதன் குறுக்கே சுற்றுச்சாலை வரப்போகிறது. நாளைக் காலையில் கருத்துக் கேட்புக் கூட்டம். குடியிருப்பு நிரந்தரமானது என்று காட்டும் பழைய நகரமைப்பு வரைபடத்தை அங்கே மேசைமேல் விரித்தால் சாலை சுற்றிக்கொண்டு போகும். விரிக்க முடியாவிட்டால் வீடுகள் இடிபடும். நகரமைப்பு அலுவலகத்தின் பிரதி எப்போதோ தொலைந்துவிட்டது. மிஞ்சியிருந்தது சங்கப் பெட்டியோடு காப்பகத்துக்கு வந்த பிரதி ஒன்றுதான். அதைத்தான் காணோம்.

அது காணாமல் போனது காப்பகத்தில் தெரிந்தவள் இப்போதைக்கு மகள் ஒருத்திதான்.

காலையில் வேலைக்கு வந்ததும் காப்பக இயக்குநர் அவளுடைய மேசைக்கே வந்துவிட்டார். நாளை கூட்டத்துக்கு வரைபடத்தை வேறு யாரிடமும் கொடுத்தனுப்ப வேண்டாம், நீங்களே கையோடு கொண்டுபோய்த் திரும்பக் கொண்டுவந்துவிடுங்கள் என்றார். மகள் தலையாட்டினாள்.

காணோம் என்று அவரிடம் சொல்லியிருக்கலாம். சொன்னால் அவர் கேட்கப்போகும் முதல் கேள்வி, கடைசியாக அதைப் பார்த்தது யார் என்பது. அதற்கு உண்மையான பதில், 'என் கணவர்'. போன வாரம் மதியச் சாப்பாட்டு நேரத்தில், வாசிப்பறை பூட்டியிருந்தபோது, அவர் வந்து, கூட்டத்துக்கு முன்னால் ஒரு தடவை படத்தைப் பார்த்துவிட வேண்டும் என்று கெஞ்சினார். பதிவு எதுவும் இல்லாமல் அவளே திறந்து உள்ளே விட்டாள். அவளே வரைபடத்தை எடுத்து விரித்தாள். பிறகு ஃபோன் வந்தது என்று வெளியே போய்விட்டாள். இந்தக் கட்டடத்தில், ஆவணத்தில் மை பட்டுவிடும் என்று அடுத்தவரின் பேனாவைக்கூடப் பிடுங்கி வைத்துக்கொண்டு பென்சில் கொடுக்கிற அவள், கட்டினவருக்காக அத்தனை விதிகளையும் மூட்டை கட்டி வைத்துவிட்டாள்.

அன்றிலிருந்து மாப்பிள்ளையின் நடவடிக்கை சரியில்லை. சாப்பிடும்போது முகத்தைப் பார்ப்பதில்லை. அப்பா பேச்சு வந்தால் எழுந்துபோய்க் குழாயைத் திறந்து கை கழுவுகிறார். சாலை வந்தால் அவருடைய அலுவலகத்தில் பதவி உயர்வு வரும் என்று பேச்சு. இதையெல்லாம் கூட்டிக் கழித்துப் பார்த்தால் எந்தப் பெண்டாட்டிக்கும் மூக்கில் வியர்க்கத்தான் செய்யும்.

அந்த நேரத்தில் அம்மாவிடமிருந்து ஃபோன் வந்தது. நாளைக்குக் கூட்டம் முடிந்து அதிகாரிகள் வீட்டைப் பார்க்க வந்தாலும் வரலாம், அதனால் அலமாரியை ஒழித்துக்கொண்டிருக்கிறேன் என்றாள். பிறகு சம்பந்தமே இல்லாமல், "உன் மாமா பையன் நம்பர் உன்கிட்ட இருக்கா?" என்று கேட்டாள்.

மகளுக்கு ஆச்சரியம்தான். அம்மாவின் அண்ணனான அந்த மாமா வீட்டோடு பேச்சுவார்த்தை நின்று போனது அவள் கைக்குழந்தையாக இருந்தபோது. எதுக்கும்மா என்று கேட்க வாயெடுத்தாள். அதற்குள் இயக்குநர் மறுபடி எட்டிப் பார்க்கவே, அனுப்பறேன் என்று சொல்லி வைத்துவிட்டாள். எண்ணையும் அனுப்பினாள். அதை அத்தோடு மறந்தும் போனாள்.

மதியம் அரை நாள் விடுப்பு சொல்லிவிட்டு நேரே நகரமைப்பு அலுவலகத்துக்குப் போனாள். முன்னறிவிப்பு ஏதும் கொடுக்கவில்லை. கையும் களவுமாகப் பிடிக்கிற எண்ணம்.

மாப்பிள்ளை இடத்தில் இல்லை. தேநீர் குடிக்கப் போயிருப்பதாகப் பக்கத்து மேசைக்காரர் சொல்லிவிட்டு, உட்காருங்க என்று நாற்காலியை நகர்த்தினார். அவர் தலை திரும்பியதும் மகள் மேசை இழுப்பறையைத் திறந்தாள். உள்ளே மடித்து வைத்த வரைபடங்கள் இருந்தன. எல்லாம் விசிறிபோல முன்னும் பின்னுமாக மடிக்கப்பட்டு, வலது மூலையில் இருக்கும் தலைப்புக் கட்டம் மேலே தெரியும்படி அடுக்கியிருந்தன. படம் வரைகிறவர்கள் மடிப்பது அப்படித்தான். இந்த மனிதர் வீட்டில் மின்சார ரசீதைக்கூட அப்படித்தான் மடிப்பார். அவள் ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தாள். தேடியது அங்கே இல்லை.

"என்ன தேடுற?"

மாப்பிள்ளை கையில் தேநீர்க் கோப்பையோடு பின்னால் நின்றார். மகள் இழுப்பறையை மூடவில்லை. மூடினால் திருடியது அவள் என்று ஆகிவிடும்.

"அந்தப் படத்தை எங்க வச்சிருக்கீங்க?"

அவர் அதிர்ந்தார். நடிப்பா நிஜமா என்று அவளுக்குப் பிடிபடவில்லை. கோப்பையை மேசைமேல் வைத்துவிட்டு, "காணோமா?" என்றார். குரல் மிகவும் இறங்கியிருந்தது.

"கடைசியா பாத்தது நீங்கதான்."

"பாத்தேன். அப்படியே உறைக்குள்ள போட்டுட்டுத்தான் வந்தேன். மேல அந்த மெல்லிசுத் தாளையும் மூடினேன். நான் எடுத்திருந்தா உன் வேலைதானே போகும்? அது எனக்குத் தெரியாதா?"

"அப்ப ஏன் ஒரு வாரமா என் முகத்தைப் பாக்க மாட்டேங்கறீங்க?"

பக்கத்து மேசைக்காரர் ஃபைலைப் புரட்டுவதுபோல் காதைத் தீட்டிக்கொண்டிருந்தார். மாப்பிள்ளை ஏதோ சொல்ல வந்து, விழுங்கிக்கொண்டு, வீட்டுக்கு வந்து பேசறேன் என்று மட்டும் சொன்னார். விழுங்குகிறவர்களை மகளுக்குப் பிடிக்காது. எனக்கும் பிடிக்காதுதான். அவள் போய் வருகிறேன் என்றுகூடச் சொல்லாமல் வெளியே வந்தாள்.

ஆனால் பேருந்தில் உட்கார்ந்ததும் ஒரு வார்த்தை அவளை உறுத்தியது. மெல்லிசுத் தாள். பழைய வரைபடங்களின் மை உறையில் ஒட்டாமல் இருக்க, அவள்தான் ஒவ்வொன்றின்மேலும் அதே அளவில் மெல்லிய வெள்ளைத் தாள் ஒன்றைப் போர்த்தி வைப்பாள். வரைபடம் போன உறைக்குள் அந்தத் தாள் மட்டும் கிடந்தது. நேற்று அவள் அதை ஒதுக்கிவிட்டு வரைபடத்தைத் தேடினாள். தாளை ஒரு கண்ணாவது பார்த்தாளா? பார்க்கவில்லை.

வீட்டுக்குப் போக வேண்டியவள் காப்பகத்துக்கே திரும்பினாள்.

உறையைத் திறந்து மெல்லிய தாளை மேசைமேல் விரித்தாள். விளக்கைச் சாய்த்துப் பக்கவாட்டில் வெளிச்சம் விழும்படி வைத்தாள். வழவழவென்று இருக்க வேண்டிய தாளில் கோடு கோடாக மடிப்பு விழுந்திருந்தது. யாரோ வரைபடத்தை அவசரமாக மடித்திருக்கிறார்கள். மேலே கிடந்த மெல்லிய தாளும் சேர்ந்து மடிந்துவிட்டது. பிறகு அது கையில் தட்டுப்பட, உருவி மறுபடி உறைக்குள் போட்டிருக்கிறார்கள்.

மடிப்பு விசிறி மடிப்பாக இல்லை. மாப்பிள்ளை உயிரே போனாலும் இப்படி மடிக்க மாட்டார்.

ஒரு கணம் அவளுக்கு மனசு லேசானது. அந்த மனிதரைச் சந்தேகப்பட்டோமே என்று வெட்கமாகவும் இருந்தது. பிறகு மடிப்புகளின்மேல் விரலை ஓட்டினாள். நீளவாக்கில் மூன்றாக. பிறகு குறுக்கே பாதி. பிறகு இன்னொரு பாதி. விரலுக்கு அந்த வழி தெரிந்திருந்தது. மேசையிலிருந்த வெற்றுத் தாளை எடுத்தாள். யோசிக்காமலே கை அதை மடித்து முடித்தது.

அது சங்கத்து நோட்டீஸ் மடிப்பு. அப்படி மடித்தால் தலைப்பு வெளியே தெரியும், வாங்குகிறவன் பிரிக்காமலே விஷயத்தைப் படித்துவிடுவான், சட்டைக்குள் செருகினாலும் வெளியே தெரியாது. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் அப்பாவின் பக்கத்தில் உட்கார்ந்து அவள் கட்டுக் கட்டாக மடித்திருக்கிறாள்.

செயலாளர் செவ்வாய்க்கிழமை தவறாமல் காப்பகத்துக்கு வருவார். சங்கப் பெட்டிகளில் இருக்கும் புகைப்படங்களைப் பார்த்து, இது யார், இது எந்த ஊர்வலம் என்று அடையாளம் சொல்வது அவர் வேலை. பல்கலைக்கழகமே கேட்டுக்கொண்ட பெருமை அவருக்கு. அவள் அடுத்த பெட்டியை எடுக்க உள்ளே போனால் அவர் தனியாகத்தான் இருப்பார். கொடுத்தவரே எடுப்பார் என்று யாருக்குத் தோன்றும்? ஆனால் உண்மையில் அந்தப் பெட்டிகளை அவர் கொடுக்கவுமில்லை. அவர் கண் அறுவை சிகிச்சைக்குப் படுத்திருந்த சமயத்தில், சங்கத்து ஆட்கள் அலுவலகத்தைக் காலி செய்து எல்லாவற்றையும் ஏற்றி அனுப்பிவிட்டார்கள். கட்டுப் பிரித்த அன்றே அவர் கேட்ட முதல் கேள்வி, பெட்டியெல்லாம் எங்கே என்பது. அப்போது அதைப் பாசம் என்று நினைத்தாள்.

ஆனால் ஏன்? அவர் வீட்டையே காப்பாற்றப்போகிற படத்தை அவரே எதற்கு எடுக்க வேண்டும்?

மாப்பிள்ளைக்கு ஃபோன் போட்டாள். "நீங்க அன்னிக்குப் படத்தை ஃபோட்டோ எடுத்தீங்களா?"

"எடுத்தேன்."

"எனக்கு அனுப்புங்க."

"அனுப்பறேன். உக்காந்துக்கிட்டுப் பாரு" என்றார் மாப்பிள்ளை.

வந்த படம் மங்கல்தான். கூட்டத்தில் இதைக் காட்டினால் யாரும் ஏற்க மாட்டார்கள், அசல்தான் வேண்டும். ஆனால் மகளுக்கு இது போதுமானதாக இருந்தது. குடியிருப்பின் மூன்று வரிசைகளும் அதில் இருந்தன. முன் வரிசைக்கும் நடு வரிசைக்கும் மஞ்சள் பூசி, நிரந்தரக் குடியிருப்பு என்று எழுதியிருந்தது. பின் வரிசைமேல் நீலம் பூசி, பல்கலைக்கழக மாணவர் விடுதி என்று எழுதியிருந்தது. கீழே மூலையில் முத்திரைகள்.

அந்த முத்திரைகளைப் பற்றிச் செயலாளர் மேடைக்கு மேடை பேசியிருக்கிறார். பல்கலைக்கழகத்தின் முத்திரை ஒன்று, நகரமைப்பு அலுவலகத்தின் முத்திரை ஒன்று, இரண்டே முத்திரையில் நம்மைக் கேட்காமலே பின் வரிசையைப் பிடுங்கிக்கொண்டார்கள், நாம் போராடித்தான் மற்ற இரண்டு வரிசைகளை மீட்டோம் என்பார். கைதட்டல் அடங்க நேரமாகும்.

படத்தில் மூன்று முத்திரைகள் இருந்தன. மூன்றாவது, பற்சக்கரத்துக்குள் உயர்த்திய கை. சங்கத்து முத்திரை. செயலாளரின் சட்டைப் பையை விட்டு இறங்காத முத்திரை.

பின் வரிசையின் முதல் வீடு அம்மா பிறந்த வீடு.

மகள் தலையில் கை வைத்துக்கொண்டாள். அந்த வீடு பறிபோன வருஷம் தாத்தா படுத்த படுக்கையாகிப் போய்ச் சேர்ந்தார். உன் புருஷன் சம்மதம் இல்லாமல் இது நடந்திருக்காது என்று மாமா நடு வீட்டில் நின்று சொன்னார். அந்த ஒரு சொல்லுக்காக அம்மா தன் கூடப்பிறந்தவரை இனிமேல் என் வாசலை மிதிக்காதே என்றாள். சொன்னபடியே இத்தனை வருஷமும் இருந்தாள். செயலாளர் அப்போது வாயைத் திறக்கவில்லை. பெண்டாட்டி தன் பக்கம் நின்றதை ஊரெல்லாம் பெருமையாகச் சொல்லிக்கொண்டார்.

மாப்பிள்ளை ஏன் முகம் பார்க்கவில்லை என்பதும் இப்போது விளங்கியது. மாமனாரின் மானத்தைத் தன் வாயில் அடக்கிக்கொண்டு ஒரு வாரமாகச் சோறு தின்றிருக்கிறார், பாவம். சிவப்பு மை வாசகி இதையும் கொஞ்சம் அடிக்கோடு போட்டுப் படிக்க வேண்டும்.

மாலையில் மகள் குடியிருப்புக்குப் போனபோது செயலாளர் முன்னறையில் நாளைய பேச்சை ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தார். எதிரில் இருந்தவை இரண்டு காலி நாற்காலிகளும் சுவரில் மாட்டிய வேலைநிறுத்தப் படமும்தான். ஆனாலும் மேசையைத் தட்டிப் பேசினார். சமையலறையில் பாத்திரச் சத்தம் கேட்டது. மகள் கதவை ஒருக்களித்துச் சாத்தினாள்.

அவள் பையிலிருந்து வெற்றுத் தாள் ஒன்றை எடுத்தாள். அவர் கண்ணெதிரில் நீளவாக்கில் மூன்றாக மடித்தாள், குறுக்கே மடித்தாள், இன்னொரு தடவை மடித்தாள். அதை அவர் முன்னால் மேசைமேல் வைத்தாள்.

செயலாளரின் கை மேசையைத் தட்ட எழும்பி அப்படியே நின்றது.

"மெல்லிசுத் தாளை விட்டுட்டு வந்துட்டீங்கப்பா" என்றாள் மகள். "அதுல மடிப்பு அப்படியே இருக்கு."

அவர் உட்கார்ந்தார். மறுக்கப் போகிறார் என்று எதிர்பார்த்தாள். அவர் மடித்த தாளைக் கையில் எடுத்தார்.

"மூணு வரிசையையும் கேட்டாங்க" என்றார். "மூணும் போயிருக்கும். ஒண்ணைக் குடுத்து ரெண்டைக் காப்பாத்தினேன். இன்னிக்கும் அது தப்புன்னு நான் சொல்ல மாட்டேன்."

"தப்பில்லேன்னா சொல்லியிருக்கலாமே."

"யார்கிட்ட? பின் வரிசையில முதல் வீடு யாரோடதுன்னு உனக்குத் தெரியாதா?" குரலை இன்னும் தாழ்த்தினார். "உன் தாத்தா, மகளோட புருஷன்னு என்னை நம்பித்தான் வீட்டுச் சாமானைக்கூட எடுக்காம இருந்தாரு. நான் எந்த முகத்தை வச்சுக்கிட்டுச் சொல்றது?"

மகளுக்குக் கோபம் வந்தது. கூடவே அவரைப் பார்க்கப் பாவமாகவும் இருந்தது. ஆனால் அதற்கெல்லாம் இப்போது நேரமில்லை. படம் இல்லாவிட்டால் நாளைக்கு இந்த வீடும் இல்லை, தெருவில் இருக்கிற எந்த வீடும் இல்லை என்றாள். பேசியே ஜெயித்துவிடுவேன் என்று அவர் பழைய பல்லவியை ஆரம்பித்தார். மகள் இடைமறித்தாள்.

"அப்பா, ஒரு வீட்டுக்காக ஒரு தெருவையே குடுக்கப் போறீங்களா? அன்னிக்கு நீங்க செஞ்சது அதுக்கு நேர் எதிர்."

அது தைத்தது. நன்றாகவே தைத்தது. செயலாளர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மாட்டிக்கொண்டார், மறுபடி கழற்றினார். கடைசியில், அம்மாவுக்குத் தெரியாமல் கூட்டத்தை முடித்துவிட முடியுமா என்று கேட்டார். படத்தை விரிக்கும்போது மூலையைக் கையால் மூடிக்கொண்டால் போதாதா என்றார். எத்தனையோ பேரைத் தெருவில் இறக்கி நடத்தியவர் குழந்தைபோலக் கேட்டார். முடியாது என்று சொல்ல மகளுக்கு மனசு வரவில்லை. முதலில் படத்தை எடுங்கள் என்றாள்.

அவர் எழுந்து உள்ளறை அலமாரியைத் திறந்தார். அவருடைய சட்டைகள் இருக்கும் தட்டு. அடியில் விரித்த பழைய செய்தித்தாளுக்கும் பலகைக்கும் நடுவில் வைத்திருப்பதாக முணுமுணுத்துக்கொண்டே சட்டைகளைத் தூக்கினார்.

செய்தித்தாள் பழையதாக இல்லை. அன்றைய தேதி போட்ட புதுத் தாள், ஓரம் பிசகாமல் வெட்டி விரித்திருந்தது. அவர் அதைத் தூக்கினார். பலகை பளிச்சென்று துடைத்திருந்தது. மேல் தட்டைப் பார்த்தார், கீழ்த் தட்டைப் பார்த்தார். மறுபடி நடுத் தட்டுக்கே வந்து வெறும் பலகையைத் தடவினார். அலமாரி ஒழித்த விஷயம் மகளுக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. மாமா பையனின் எண்ணும் கூடவே ஞாபகம் வந்தது.

பாத்திரச் சத்தம் எப்போதோ நின்று போயிருந்தது. உள்ளறை வாசலில் அம்மா நின்றாள். ஈரக் கையை நிதானமாகத் துடைத்துக்கொண்டாள். அழுத முகமாகவும் இல்லை, சண்டைக்கு வந்த முகமாகவும் இல்லை. அதுதான் மகளுக்குப் பயமாக இருந்தது.

"சட்டைப் பையில அந்த சீல் மைக் கறை" என்றாள் அம்மா. "எத்தனை வருஷம் தேய்ச்சுத் தேய்ச்சுத் துவைச்சிருக்கேன். படத்துல பாத்தா எனக்கு அது அடையாளம் தெரியாதா?"

செயலாளரின் கை பலகைமேலேயே இருந்தது.

"நாளைக்குக் கூட்டம் எத்தனை மணிக்கு, செயலாளரே?"

பத்து மணிக்கு என்று மகள்தான் சொன்னாள். படம் உன்கிட்டயாம்மா இருக்கு, கொண்டு வருவியா என்று கேட்டாள். அம்மா அதைக் காதில் வாங்கியதாகவே தெரியவில்லை.

"பத்து மணியா? சரி" என்றாள். "அண்ணன் ஒன்பதுக்கே வந்துடறேன்னு சொல்லியிருக்கு."